வங்காளத்துக்கு ஒரே வரி

போன ஆகஸ்டு மாதம், சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், பக்கத்து வீட்டுப் பெண் தன் மகளின் மாறுவேடப் போட்டிக்கு உடை எடுக்கக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. அறுபதைத் தாண்டி வீட்டில் சும்மா இருப்பவர்கள், தெருவில் யார் எங்கே கிளம்பினாலும் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். அந்தக் கதைதான்.

காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த வாடகை உடைக் கடை. உள்ளே நுழைந்ததுமே கடைக்காரர் கையை விரித்தார்.

"பாரத மாதா செட்டு எல்லாம் போயிருச்சு. போன வாரமே சொல்லி வச்சு வாங்கிட்டுப் போயிட்டாக. போலீசு இருக்கு, டாக்டர் இருக்கு, கத்தரிக்கா இருக்கு. எது வேணும்?"

குழந்தை கத்தரிக்காய் என்றது. அதற்குப் பச்சைக் காம்பு வைத்த தொப்பி பிடித்துவிட்டது. எனக்குத்தான் பொசுபொசுவென்று வந்தது. முந்திக்கொண்டு கிரீடத்தையும் சூலத்தையும் தூக்கிக்கொண்டு போன அந்த முகம் தெரியாத பிள்ளை மேல் கோபம். யார் வீட்டுப் பிள்ளையோ, நாலு வயதோ ஐந்து வயதோ இருக்கும். அதன் மேல் எனக்கு என்ன பகை? ஆனால் அந்தக் கடையில் ஒரு வாடை அடித்தது. ஜிகினாத் துணி, பழைய வேர்வை, இதையெல்லாம் மீறிக்கொண்டு ஒட்டுமீசைக்குத் தடவும் ஸ்பிரிட் கம். பொறாமை உங்களுக்கு எந்த வாடையில் வருமோ தெரியாது. எனக்கு அது ஸ்பிரிட் கம்தான்.

எண்பதுகளின் தொடக்கம். நான் தமிழ் படித்து முடித்த புதிது. கீழச்சிவல்பட்டியிலிருந்து வந்து, காரைக்குடியில் சித்தி வீட்டில் தங்கி, ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பத்திரிகையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் பழைய சந்தாதாரர் யாராவது சண்டைக்கு வருவார். ஓட்டுக் கட்டடம். முன்பக்கம் ஆசிரியரின் மேசை, பின்பக்கம் அச்சு எந்திரம், நடுவில் நான். காலையில் உள்ளே நுழைந்தால் மையும் மண்ணெண்ணெயும் கலந்து அடிக்கும். மாலையில் வீட்டுக்குப் போனால் சித்தி என்னை வாசலிலேயே நிறுத்தி, "கையக் கழுவிட்டு வா, அடுப்புல தீ கெடக்கு" என்பாள்.

எங்கள் பத்திரிகையில் தேசம் முதல் பக்கத்தில் இருக்கும். ஊர் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். வாங்குகிறவர்கள் இரண்டாம் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார்கள். அதில் கல்யாணச் செய்தி, கும்பாபிஷேகச் செய்தி, வாசகர் கடிதங்கள், நாடக விமர்சனம். கடிதங்களைப் பிரித்துத் திருத்துவது என் வேலை. நாடக விமர்சனமும் நான்தான், ஒரு புனைபெயரில். அப்போதெல்லாம் எங்கள் விமர்சனத்தைப் பார்த்துவிட்டுத்தான் தேவகோட்டைக்காரர்கள் ஒரு குழுவைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். இருபத்து சொச்சம் வயதில் அப்படி ஓர் அதிகாரம் கைக்கு வந்தால் தலை நிற்குமா? நான் நாடகம் பார்க்கப் போனால், முன்வரிசை நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்வேன். பார்க்கிறவர்கள் யாரோ பெரிய இடத்துப் பெண் என்று நினைத்திருப்பார்கள்.

ஊரில் நல்ல நாடகக் குழு சோலையப்பன் சாருடையது. அவர் மின்வாரியத்தில் இருந்தார். அதனால் அவர் நாடகம் நடக்கிற அன்றைக்கு மட்டும் ஊரில் கரண்ட் போகாது. மற்றக் குழுக்கள் அவர் மேல் பொறாமைப்பட்டதற்கு நடிப்பைவிட அதுதான் காரணம். அந்த வருடம் சுதந்திர தினத்துக்காக அவரே ஒரு நாடகம் எழுதினார். உப்புக் காய்ச்சுவது, அந்நியத் துணி எரிப்பது, ஜெயில், எல்லாம் உண்டு. கடைசிக் காட்சியில் வங்காளம், பஞ்சாப், குஜராத் என்று ஒவ்வொரு மாநிலமாக வந்து வணங்கி நிற்க, நடுவில் பாரத மாதா நின்று ஒரு நீண்ட உரை பேசுவாள். எங்களில் யாரும் பஞ்சாபைப் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த இந்தியா, காலண்டரில் இருந்தது கொஞ்சம், சினிமாவில் இருந்தது கொஞ்சம், மீதி சோலையப்பன் சார் சொன்னது.

அந்தக் கடைசி உரையை எங்கள் பத்திரிகை சிறப்பிதழுக்காக முன்கூட்டியே அச்சுக் கோத்தது. புரூஃப் பார்த்தது நான். பார்த்துப் பார்த்து எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. 'என் மக்களே, நீங்கள் எந்த மொழியில் அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பவள் நான்' என்று தொடங்கும். சித்தி வீட்டுக் கிணற்றடியில் வாளிக்கும் கயிற்றுக்கும் அதைப் பேசிக் காட்டினேன். கல்லூரி நாடகத்தில் பரிசு வாங்கியவள் நான். சோலையப்பன் சாரிடம் போய், அந்த வேடத்தை எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாப்போம்த்தா" என்றார்.

அந்தப் 'பாப்போம்' எனக்கு வாக்குறுதியாகக் கேட்டது. அந்த வேடத்துக்கென்று பச்சை வளையல்கூட வாங்கிவிட்டேன்.

மீனாள் அப்போதுதான் வந்தாள். நடிக்க வரவில்லை. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நடிகர்களுக்கு வசனத்தைப் பிரித்துப் பிரித்துத் தட்டச்சு செய்து கொடுக்க வந்தாள். அப்பா நெற்குப்பைக்காரர், ரங்கூனில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். அம்மா பர்மாக்காரி. அங்கே நம் ஆட்களைக் கிளப்பி அனுப்பியபோது அப்பாவோடு கப்பலில் வந்த பிள்ளை. பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அசல் நெற்குப்பைப் பெண். கண்ணைத் திறந்தால் அகன்ற கன்னமும் சின்னக் கண்ணும் மஞ்சள் நிறமுமாக வேறொருத்தி நிற்பாள். ஊரில் யாரும் அவளை மீனாள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பர்மாக்காரி மகள் என்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை, பத்திரிகை அச்சுக்குப் போகிற நாள், ஒத்திகைக்கு நான் போய்ச் சேர நேரமாகிவிட்டது. பள்ளிக்கூட மண்டபத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போதே உள்ளே என் உரை கேட்டது. ஆளில்லாத குறைக்கு மீனாளை நிற்கவைத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஏற்ற இறக்கம் எதுவும் காட்டவில்லை. கையை நீட்டவில்லை. எதிரில் நிற்கிற ஒரு பிள்ளையிடம் சொல்வதுபோல, 'திரும்பிப் பார்ப்பவள் நான்' என்றாள். உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். நான் அந்த உரையை மனப்பாடம் செய்திருந்தேன். அவள் அதைப் பேசினாள்.

சோலையப்பன் சார் என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "ஒனக்கு வங்காளம் குடுத்துருவோமா? நல்ல வேசம்த்தா. சாவிக்கொத்தெல்லாம் உண்டு."

வங்காளத்துக்கு ஒரே வரி. 'அன்னையே, கங்கை கடல் சேரும் வங்கத்திலிருந்து வணங்க வந்தேன்.' அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டு, வங்காளத்துப் பெண்களைப்போல முந்தானையில் சாவிக்கொத்து தொங்க, நாடகம் முடிகிறவரை அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். தினமும் மாலையில் நின்றேன். நின்று நின்று அவளிடம் குற்றம் தேடினேன். ழகரம் சரியாக வந்தது. மூச்சு சரியாக இருந்தது. டீ வந்தால் முதல் கிளாசை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் எடுத்துக்கொண்டாள். அதுகூட எனக்கு நடிப்பாகப் பட்டது. போதாக்குறைக்கு என்னை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டாள். எனக்கும் அவளுக்கும் சில மாதங்கள்தான் வித்தியாசம்.

ஒத்திகை பாதி நடந்துகொண்டிருக்கும்போது என் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. 'பர்மாவில் பிறந்து, பர்மாக்காரி வயிற்றில் வளர்ந்தவள் பாரத மாதாவாக நிற்பது நம் தேசத்துக்கு அவமானம் இல்லையா?' கீழே 'தேசபக்தன்' என்று கையெழுத்து. ஊர், பெயர் எதுவும் இல்லை. நான் அதை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"என்ன ஆத்தா, போடுவோமா?"

"பேரு இல்லாத கடிதத்தைப் போடுறது இல்லேன்னு நீங்கதானே சொல்லியிருக்கீக, ஐயா."

சொன்னது என் வாய்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மனசு அந்த நேரத்தில் வேறு ஏதாவது சொல்லியிருக்கும், வாய் முந்திக்கொண்டது. ஆசிரியர் சிரித்தார். "தேசம்னு ஒரு கேள்வி வந்தா பேரு எதுக்கு? நாலு பேரு பேசட்டும்." போட்டுவிட்டார்.

நாலு பேர் இல்லை, ஊரே பேசியது. அடுத்த வாரம் கடிதங்கள் வந்து குவிந்தன. அவளை மாற்று என்றார்கள், மாற்றாதே என்றார்கள். பாரத மாதாவுக்கு மூக்கு எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் நாலு பக்கம் எழுதியிருந்தார். கண்டரமாணிக்கத்திலிருந்து ஒருவர் ஒரே வரியில் எழுதினார். 'எங்கள் வீட்டுத் தேக்குத் தூண்கள் அத்தனையும் பர்மாவில் பிறந்தவை, அவற்றையும் கப்பல் ஏற்றிவிடலாமா என்று தேசபக்தரைக் கேட்டுச் சொல்லவும்.' ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்து, அதைக் கட்டம் கட்டிப் போட்டார். எனக்கு அந்தக் கடிதக்காரர் மேலும் பொறாமை. நான் எழுதியிருக்க வேண்டிய வரி அது. அந்த வாரம் பத்திரிகை வழக்கத்தைவிட அதிகமாக விற்றது. டீக்கடைகளில் அதுவரை விலைவாசியும் மழையும் பேசிக்கொண்டிருந்தவர்கள், யார் இந்தியர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் ஒத்திகைக்கு விழாக் குழுத் தலைவர் வந்தார். ஊரில் மில் வைத்திருந்தவர். பந்தலும் மைக்கும் அவர் பொறுப்பு. அவருக்கு நாற்காலி போட்டு, கோலிச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். குடித்து முடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"சோலையப்பா, எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு பேரு நாலு விதமாப் பேசுறாக. நல்ல நாள் அதுவுமா ஒரு கலாட்டா வேணாம் பாரு. அந்தப் பத்திரிகைல வேலை பாக்குற பிள்ளை லட்சணமாத்தானே இருக்கு. அதுக்கு வசனமும் தெரியுமாம்ல. அதையே நிக்க வச்சிரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மீனாள் மூலையில் தட்டச்சு எந்திரத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நண்பரே, நான் எவ்வளவு ஆசைப்பட்ட வேடம் என்று உங்களுக்குத் தெரியும். பச்சை வளையல் கையில்தான் இருந்தது. ஒரு தலையாட்டல் போதும். நான் சொன்னேன்:

"என்னால முடியாதுங்க."

"ஏந்த்தா?"

"எனக்கு வங்காளம் மனப்பாடம் ஆயிருச்சு."

மண்டபமே சிரித்தது. ஒரு வரியை மனப்பாடம் பண்ணினாளாம்! சோலையப்பன் சார் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீகளா? பிள்ளைகளே இவ்வளவு ஒத்துமையா இருக்கு. தேசிய ஒருமைப்பாடுன்னா வேற என்ன? இதுக ரெண்டையும் விட்டா அந்த வசனம் தெரிஞ்ச ஆளும் வேற கெடையாது." தலைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு எல்லோரும் என் பெருந்தன்மையைப் புகழ்ந்தார்கள். சித்திகூடப் பெருமையாக நாலு வீட்டில் சொன்னாள். பெருந்தன்மையும் இல்லை, ஒருமைப்பாடும் இல்லை. அது சுத்தமான பொறாமை. அவளை நடிப்பில் ஜெயித்து அந்த வேடத்தை வாங்கியிருந்தால் ஆடிப் பாடி வாங்கியிருப்பேன். அவள் அம்மாவின் முகத்தைக் காரணம் காட்டி, சோடா குடித்த வாயால் எடுத்து எனக்குக் கொடுக்கிறார்கள். நான் மேடையில் நின்றால் பார்க்கிற ஒவ்வொருவரும், அந்தப் பிள்ளை நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைப்பார்கள். நான் பேசப் பேச அவள்தான் தெரிவாள். அதை என்னால் தாங்கமுடியாது.

மறுநாள் அவள் பத்திரிகை ஆபீசுக்கு வந்தாள். கையில் ஒரு பொட்டலம் சீடை.

"எனக்காக விட்டுக் குடுத்தீகளாம்ல அக்கா."

"ஒனக்காக இல்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். என் எதிரில் உட்கார்ந்து, கடிதக் கட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்கள எறக்கி விட்டப்ப ஒரு சீட்டு குடுத்தாக. தாயகம் திரும்பியோர்னு போட்டிருந்துச்சு. எங்கப்பாவுக்குச் சரி, அவுக இங்கிருந்து போனவுக. நான் எப்ப இங்க இருந்தேன், திரும்புறதுக்கு?"

"ஒங்கம்மா?"

"கப்பல் ஏறல. அவுக ஆத்தாள விட்டுட்டு வர மாட்டேன்னுட்டாக. துறைமுகம் வரைக்கும் வந்தாக." கடிதக் கட்டைத் தள்ளி வைத்தாள். "அந்த வசனம் இருக்குல்ல, எந்த மொழில கூப்பிட்டாலும் திரும்பிப் பாப்பேன்னு. அதச் சொல்லைல எனக்கு அவுக நெனப்புத்தான் வரும். நான் கூப்புட்டேன். சத்தத்துல அவுகளுக்குக் கேக்கல."

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பரிதாபமும் தோன்றியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கும் முன்னால், இதனால்தானா இவளுக்கு அந்த வரி அப்படி வருகிறது, என்னிடம் அப்படி ஒரு துறைமுகம் இல்லையே என்றுதான் தோன்றியது. சீடையைத் தின்றேன். நன்றாக இருந்தது. அவள்தான் செய்தாளாம். அதுவும் எரிச்சல்.

சுதந்திர தினத்தன்று மாலை, வெயில் இறங்கியதும் பள்ளிக்கூட மைதானத்தில் நாடகம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பத்திரிகை செய்த வேலை. பாதிப் பேர் நாடகம் பார்க்க வந்தவர்கள், மீதிப் பேர் என்ன நடக்கப்போகிறது என்று பார்க்க வந்தவர்கள். உப்புக் காய்ச்சினோம், துணி எரித்தோம், எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசிக் காட்சிக்குத் திரை விலகியது. நடுவில் மீனாள். பச்சைக் கரை வெள்ளைப் புடவை, அட்டைக் கிரீடம், கையில் கொடி. நாங்கள் மாநிலங்கள் இரண்டு பக்கமும் நின்றோம். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய், பர்மாவுக்குப் போ!"

அங்கங்கே விசில் அடித்தார்கள். யாரோ அதட்டினார்கள். பிறகு மைதானம் அப்படியே அமுங்கிப்போனது. சோலையப்பன் சார் மேடைப் பக்கவாட்டில் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீனாள் கொடியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நாடகத் தமிழை விட்டுவிட்டு, சாதாரணமாக, வீட்டு வாசலில் நிற்பவளைக் கேட்பதுபோலக் கேட்டாள்:

"நீ எங்குட்டு இருந்துத்தா வர்றே?"

இப்படி ஒரு கேள்வி வசனத்தில் இல்லை. எனக்கு அந்த ஒரு வரியும் மறந்துபோனது. கங்கையும் போனது, வங்கமும் போனது. சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால் சொல்வதுபோல உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"கீழச்சிவல்பட்டி."

மைதானம் வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. மீனாள் சிரிக்கவில்லை. அடுத்து நின்ற பஞ்சாபைப் பார்த்தாள். தாடியும் தலைப்பாகையுமாக நின்ற மருந்துக்கடைக்காரர் அவர். "நான் கண்டரமாணிக்கம் ஆத்தா" என்றார். குஜராத், "தேவகோட்டை" என்றது. ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். பிறகு அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் ரங்கூன். எங்கப்பா நெற்குப்பை. அம்புட்டுப் பேரும் வந்து சேந்துட்டோம்ல? ஆரம்பிப்போமா?"

கத்தினவன் இருந்தானா போனானா தெரியாது. அவள் உரையைத் தொடங்கினாள். ஒரு குழந்தைகூட அழவில்லை. 'திரும்பிப் பார்ப்பவள் நான்' என்ற இடத்தில் முன்வரிசையில் விழாக் குழுத் தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வங்காளமாக அசையாமல் நின்றேன். அழுகை வந்தது. ஆனால் அதோடு சேர்ந்து, அந்தச் சிரிப்பு என்னால் வந்தது, அந்தக் கைதட்டல் என்னால் தொடங்கியது என்று உள்ளே ஒரு குரல் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

விமர்சனம் எழுத வேண்டியவளும் நான்தானே. மறுநாள் முழுக்க எழுதினேன், கிழித்தேன், எழுதினேன். ஆசிரியர் வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கிரீடம் கோணலா இருந்துச்சுன்னு மூணு எடத்துல எழுதியிருக்கே ஆத்தா. ஒரு எடம் போதாதா?"

ஒன்றாகக் குறைத்தேன். பிறகு நடந்ததை நடந்தபடி எழுதினேன். எவ்வளவு முயன்றும் நன்றாக இருந்ததை நன்றாக இல்லை என்று எழுத வரவில்லை. கை அதற்கு மறுத்தது. 'வங்காளமாக நின்ற பெண்' என்று என்னைக் குறிப்பிட்டேன். பெயர் போட முடியுமா? விமர்சகரே மேடையில் நின்றார் என்று தெரிந்தால் பத்திரிகையின் மானம் போய்விடும். ஆசிரியர் தலைப்பைத் தானே எழுதினார்: 'ரங்கூனில் பிறந்த பாரத மாதா.' மதுரை நாளிதழ் ஒன்று அதை அப்படியே எடுத்துப் போட்டது. அதன் பிறகு தேசபக்தனிடமிருந்து கடிதமே வரவில்லை. ஊரில் எல்லோரும் பாரத மாதா கேட்ட கேள்வியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். பதில் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நாளிதழைப் பார்த்துவிட்டு டெல்லித் தமிழர்கள் சிலர் குடியரசு தினத்துக்கு நாடகத்தைக் கூப்பிட்டார்கள். குழுவே ரயில் ஏறியது. நான் போகவில்லை. அந்த வாரம்தான் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பதில் சோலையப்பன் சாரின் கொழுந்தியா வங்காளமாகப் போனாள். அந்தக் கேள்வியும் பதிலும் அதற்குள் நாடகத்தில் வசனமாகவே சேர்ந்துவிட்டிருந்தன. அவள் பிறந்து வளர்ந்தது காரைக்குடி. ஆனால் எழுதிக் கொடுத்ததைச் சொல்ல வேண்டுமே, டெல்லியில் நின்று 'கீழச்சிவல்பட்டி' என்றாளாம். என் ஊர்ப் பெயரைத் தலைநகரத்தில் வேறொருத்தி சொன்னாள். யோசித்துப் பாருங்கள்.

திரும்பி வந்த மீனாள் எனக்குக் கண்ணாடி வளையல் கொண்டுவந்தாள்.

"அங்க எப்படி இருந்துச்சு?"

"அங்க யாரும் என்னைப் பர்மாக்காரின்னு சொல்லலக்கா. ரங்கூன், நெற்குப்பை, தேவகோட்டை, எல்லாரையும் ஒரே பேரா மதராஸின்னு சொல்லிப்புட்டாக. எனக்குச் சந்தோசமாப் போச்சு."

பிறகு அவள் சென்னைக்குப் போனாள். நாடகம், வானொலி, சினிமா. நான் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, மறுபடி அதே பத்திரிகையில் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் வருகிற படத்தையெல்லாம் முதல் நாளே பார்ப்பேன். சினிமா அவளுக்கு ஜப்பான்காரி வேடம் கொடுத்தது, நேபாள ஆயா வேடம் கொடுத்தது, மலைக்காட்டுப் பெண்ணாக ஓடவிட்டது. பாரத மாதாவுக்குப் பிறகு ஒரு சாதாரணத் தமிழ்ப் பெண்ணாக அவளை ஒருவரும் நிற்கவிடவில்லை. வானொலியில் மட்டும் அவள் எல்லாமாகவும் இருந்தாள். மாமியார், மருமகள், ராணி, கீரைக்காரி. முகம் தெரியாத இடத்தில் அவளுக்கு நாடு முழுக்கச் சொந்தம். இவ்வளவும் தெரிந்தும் எனக்குப் பொறாமை தீரவில்லை. ஜப்பான்காரியாகவாவது அவள் திரையில் இருக்கிறாளே, நான் இங்கே கும்பாபிஷேகச் செய்தியில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று இருக்கும். வானொலியில் அவள் குரல் வந்தால் என் வீட்டுக்காரர் சமையலறைக்கு வந்து, "ஒன் சிநேகிதி பேசுறாக, வா" என்பார். "வேலை இருக்கு" என்பேன். சுவர் ஓரம் நின்று கேட்பேன்.

ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டாள். ஒருமுறை கேட்டேவிட்டேன், அன்றைக்கு அந்தக் கேள்வியை யோசித்து வைத்திருந்தாளா என்று.

"யோசிச்சேனா? கை காலெல்லாம் ஓடல. பக்கத்துல நீங்க நின்னீக, கேட்டுட்டேன். நீங்க வங்காளம்னு சொல்லியிருந்தா நான் அத்தோட தொலஞ்சேன் அக்கா. நீங்க ஒளறுனதுலதான் நான் பொழச்சேன்."

"இத எங்கயாச்சும் சொல்லியிருக்கியா?"

"எல்லாப் பேட்டிலயும் சொல்றேன். அவுகதான் போட மாட்டேங்கிறாக."

அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அந்தப் பத்திரிகை இல்லை. ஆசிரியருக்குப் பார்வை போனதும் நின்றுவிட்டது. எந்திரத்தைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு எடுத்துப் போனார்கள். நாடகம் நடந்த மைதானத்தில் பள்ளிக்கூடம் புதிய கட்டடம் கட்டிவிட்டது. சோலையப்பன் சார் போய்ச் சேர்ந்து வெகுகாலம். இந்த ஊரில் நாடகம் போட ஒரு குழு இல்லை. போட்டாலும் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து குறை சொல்ல ஆள் இல்லை. யார் இந்த நாட்டுக்காரர் என்று கேட்கிறவர்கள் மட்டும் இருக்கிறார்கள். கைப்பேசியில் தினமும் கேட்கிறார்கள். பேர் இல்லாத அந்தக் கேள்விகளை ஒருமுறை படித்துவிட்டு, போடுவோமா என்று யோசிக்க நடுவில் ஒரு மேசை இல்லை.

மீனாள் போன தையில் சென்னையில் இறந்துபோனாள். அவள் மகன் தொலைபேசியில் சொன்னான். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வந்ததும் கடைக்குச் சொல்லி எல்லா நாளிதழ்களையும் வாங்கினேன். வாரப் பத்திரிகைகள், மாதப் பத்திரிகைகள், ஒன்றையும் விடவில்லை. மேசை மேல் பரப்பிவைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினேன். அவளைப் பற்றி எவனாவது என்னைவிட நன்றாக எழுதிவிட்டானோ என்றுதான் பயம். மாதக்கணக்கில் தேடிவிட்டேன்.

யாருமே எழுதவில்லை.